தேயிலை மலையில் யாருக்குக் காதல் வரும்?



மலேசியாவின் கேமரன் மலைக்கு யார் வந்தாலும் முதலில் படம் பிடிப்பது தேயிலைச் சரிவைத்தான். அந்தப் பச்சை தானாக வந்ததல்ல. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் இங்கே 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காட்டை அழித்துக் கன்று நட்டவர்களில் மலேசியத் தமிழரான நம் தாத்தா பாட்டிமார் ஏராளம். அவர்களுடைய சொந்தக்காரர்கள் பலர் கப்பலேறி சிலோன் மலைக்குப் போனார்கள். அங்கேயும் அதே துரை, அதே கங்காணி, அதே லயம்.

அந்தச் சிலோன் மலையில் நடக்கும் காதல் கதைதான் 1954இல் ஹாலிவுட்டிலிருந்து வந்த 'எலிஃபன்ட் வாக்'. தோட்டத் துரைக்கு வாழ்க்கைப்பட்டு இங்கிலாந்திலிருந்து வருகிறாள் ஓர் இளம்பெண். எலிசபெத் டெய்லர் நடித்த பாத்திரம் அது. கணவனோடு மனம் ஒட்டவில்லை. தோட்டத்து மேலாளரிடம் மனம் சாய்கிறது. துரையின் பங்களா, யானைகள் காலங்காலமாக நடந்த தடத்தை மறித்துக் கட்டப்பட்டது. யானைகள் அதை மறக்கவில்லை. கடைசியில் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடுகின்றன.

யானைக்குக்கூட இந்தக் கதையில் நினைவு உண்டு, கோபம் உண்டு, வெற்றியும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு? தோட்டத்தில் காலரா வருகிறது, தொழிலாளர்கள் மடிகிறார்கள். அந்தச் சாவும் வெள்ளைக்காரத் தம்பதியின் மனம் மாறுவதற்குத்தான் உதவுகிறது. உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பெரிய வேடம் இருக்கிறது, பங்களாவின் தலைமை வேலைக்காரர் அப்புஹாமி. அதிலும் நடித்தவர் ரங்கூனில் பிறந்த யூதரான ஏபிரகாம் சோஃபேர்.

அந்தக் காலப் படம், அப்படித்தான் இருக்கும் என்று இதைத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. காரணம் இருக்கிறது. படக்குழு சிலோனுக்குப் போனது 1953இல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1948இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டே அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. ஏட்டில் பெயரில்லாத மக்களுக்குத் திரையிலும் பெயரில்லை. முகம் தெரியாத கூட்டத்தின் உரிமையைப் பறிப்பது சுலபம். கொழுந்து பறிப்பவளுக்கும் மனசு இருக்கிறது, அவளும் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள் என்று பார்த்து அழுதவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இராது. ஒரு கதையில் யாருக்குக் காதல் வருகிறது என்பதை அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் கேமரன் மலைக்கும் ஒரு காதல் படம் கிடைத்தது. தான் துவான் எங் எழுதிய நாவல், தைவான் இயக்குநர் டாம் லின் கையில் 2019இல் 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' என்ற படமானது. போரின் காயத்தைச் சுமக்கும் ஒரு மலாயாச் சீனப் பெண்ணுக்கும் ஜப்பானியத் தோட்டக் கலைஞருக்கும் இடையில் வளரும் உறவு அது. நாயகியாக மலேசியாவில் பிறந்த லீ சின்ஜே, நாயகனாக ஜப்பானியரான ஹிரோஷி அபே. அறுபத்தைந்து ஆண்டில் இது பெரிய மாற்றம், மனமாரப் பாராட்டுவோம். ஆனாலும் கதையை நகர்த்துகிறவர்களில் தமிழர் இல்லை.

நம் கதையைச் சொல்ல நம்மிடம் ஆளில்லாமல் இல்லை. தீபக் குமரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை' தந்தார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது, 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. படம் எடுக்கும் இளைஞர்கள் கேமரன் மலையின் ரிங்லெட்டுக்கும் பிரிஞ்சாங்குக்கும் வரட்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றபோது கண்ணால் பேசிக்கொண்டவர்கள், சாதி குறுக்கே வந்து பிரிந்தவர்கள், எதிர்த்து நின்று கல்யாணம் கட்டியவர்கள் எல்லோருடைய கதையையும் பாட்டிமாரிடம் உட்கார்ந்து கேட்கட்டும்.

இன்று அந்தச் சரிவுகளில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நாம் எடுக்கும் படத்தில் அவர்கள் வெறும் கூட்டமாக நின்றால், நமக்கு நடந்ததை நாமே அவர்களுக்குச் செய்தவர்கள் ஆவோம். அவர்களுக்கும் பெயர் கொடுப்போம், பேச்சுக் கொடுப்போம், காதலும் கொடுப்போம்.