புகையை விடுவதற்குக் கூலியா?



புகை குடிக்கிறவனுக்குப் பணம் கொடுத்து அந்தப் பழக்கத்தை விடச் செய்யலாமா என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச உத்தேசித்திருக்கிறோம். இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். "கெட்ட பழக்கத்தை விடுவது அவனவன் கடமை, அதற்குக் கூலி வேறா? அப்படியானால் இதுவரை பீடியைத் தொடாமல் யோக்கியமாய் இருந்தவனுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலுக்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள்.

இதுவரை அவனுக்கு நாம் கொடுத்து வந்தது என்ன? புத்திமதி. அதற்குக் காலணா செலவில்லை. ஆகவே எல்லோரும் தாராளமாய்க் கொடுக்கிறார்கள். நாமும் பல வருஷம் பீடி குடித்தவர்தான். "இனித் தொடுவதில்லை" என்று தாயார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம். மூன்றாம் நாள் கொல்லைப்புறத்தில் பற்ற வைத்தோம். தாயாருக்குத் தலைவலிகூட வரவில்லை! அதோடு சத்தியத்தின் மேலிருந்த பயமும் போய்விட்டது.

இதில் ஒழுக்கக் குறைவு என்ன இருக்கிறது? புகையை இழுத்த சில நொடிகளுக்குள் நிகோடின் என்னும் விஷச்சத்து மூளைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பழகிப்போன மூளை, அது வராவிட்டால் எரிச்சலும் படபடப்பும் உண்டாக்கித் தூக்கத்தைக் கெடுக்கிறது. சுகம் இந்த நிமிஷத்தில். புற்றுநோயோ இருபது முப்பது வருஷம் கழித்து. உலகத்தில் புகையிலையால் சாகிறவர்கள் ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் என்றாலும், பற்ற வைக்கிறவன் கண்ணுக்கு அந்தப் பிணங்கள் தெரிவதில்லை. தூரத்தில் இருக்கும் லாபத்தைக் கிட்டே கொண்டுவந்து காட்ட வேண்டும். கூலி கொடுப்பதென்பது அவ்வளவுதான்.

இந்த வித்தையை சிகரெட் வியாபாரிகள் எப்போதோ தெரிந்துகொண்டார்கள். பெட்டிக்குள் படச்சீட்டு வைத்தார்கள். கூப்பன் சேர்த்தால் சாமான் என்றார்கள். யுத்தத்துக்குப் போன சிப்பாய்க்கு ரேஷனோடு சிகரெட்டும் போயிற்று. குடிக்கச் சொல்லி இனாம் கொடுத்தபோது வாய் திறக்காதவர்கள், விடச் சொல்லி இனாம் கொடுத்தால் மட்டும் "ஒழுக்கம் கெட்டுவிடும்" என்கிறார்கள்!

சரி, கொடுத்துப் பார்த்தவர்கள் கண்டதென்ன? அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிலாளர் 878 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு விவரம் மட்டும் சொன்னார்கள். மற்றப் பிரிவுக்கு அதோடு, படிப்படியாய் 750 டாலர் வரை கிடைக்கும் என்றார்கள். வாய்ச்சொல்லை நம்பவில்லை; பரீட்சை செய்தே கொடுத்தார்கள். 2009-ல் வெளியான முடிவுப்படி, ஒரு வருஷ அளவில் விட்டிருந்தவர்கள் பணம் சொன்ன பிரிவில் நூற்றுக்கு 14.7, சொல்லாத பிரிவில் 5. பணம் நின்ற பிறகு இது 9.4-க்கும் 3.6-க்கும் இறங்கிற்று. அதாவது சிலர் திரும்பக் குடிக்கப் போய்விட்டார்கள். இதை மறைக்க நமக்கு அவசியமில்லை. ஆனால் திரும்பிப் போகாதவர்களைப் பாருங்கள். மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு!

கிளாஸ்கோவில் புகை குடிக்கும் கர்ப்பிணிப் பெண்கள் 612 பேரிடம் செய்து பார்த்தார்கள். ஒரு பாதிக்குக் கடையில் சாமான் வாங்கும் சீட்டு, மொத்தம் 400 பவுன் வரை. 2015-ல் வந்த முடிவு: பிரசவத்துக்கு முன் விட்டிருந்தவர்கள் சீட்டுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 22.5, மற்றவர்களில் 8.6. "ஏழைப் பெண்களுக்கு லஞ்சமா?" என்பவர்கள், வயிற்றிலிருக்கும் குழந்தை எந்தக் குற்றம் செய்தது என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

இனி நமக்கு மிகவும் பிடித்த சங்கதிக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் மிந்தனாவோ தீவில் ஒரு பாங்கி, குடிக்கிறவனுடைய சொந்தப் பணத்தையே பணயமாக வைக்கச் சொல்லிற்று. ஆறு மாதம் கொஞ்சங்கொஞ்சமாய்ப் போட வேண்டும். வட்டி கிடையாது. பிறகு சிறுநீர்ப் பரீட்சை. நிகோடின் அடையாளம் இல்லையென்றால் போட்டதெல்லாம் திரும்ப வரும். இருந்தால் முழுதும் தர்மத்துக்குப் போய்விடும். யாருடைய தயவும் வேண்டாம். அவன் பணம், அவன் உடம்பு! ஆனால் வந்து பணம் கட்டியவர்கள் கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேர்தான். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்றுப் பணத்தை இழந்தார்கள். அப்படியிருந்தும், கட்டினவன் கட்டாதவன் எல்லோரையும் சேர்த்து எண்ணியபோது, கேட்கப்படாத கூட்டத்தைவிட நூற்றுக்கு 3 பேர் அதிகமாய் விட்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் பரீட்சித்தபோதும் அந்த வித்தியாசம் போகவில்லை. இதன் விவரங்கள் 2010-ல் வெளியாயின.

இனாமா, பணயமா, எது மேல்? அமெரிக்காவில் சி.வி.எஸ். என்னும் மருந்துக்கடைக் கம்பெனியின் சிப்பந்திகளிடம் இரண்டையும் ஒன்றாய் வைத்துப் பார்த்தார்கள். 800 டாலர் இனாம் என்றதற்கு நூற்றுக்கு 90 பேர் சம்மதித்தார்கள். அதில் 150 டாலர் உன் பணமாய் முன்னே கட்டு என்றதும் சுமார் 14 பேர்தான் மிஞ்சினார்கள். ஆகையால் மொத்தக் கணக்கில் இனாமே ஜெயித்தது: ஆறு மாதம் விட்டிருந்தவர்கள் இனாமில் நூற்றுக்கு 15.7, பணயத்தில் 10.2, ஒன்றுமில்லாமல் விட்ட பிரிவில் 6. இருந்தாலும் எது சொன்னாலும் சம்மதிக்கக் கூடியவர்களை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால், பணயமே பலமாய் வேலை செய்தது. கைப்பணம் போகிறதென்றால் மனிதன் விழித்துக்கொள்கிறான். ஆனால் அந்தப் பக்கம் வரத்தான் அவனுக்குத் துணிச்சலில்லை. நமக்குத் தனிப்பட்ட முறையில் பணயந்தான் பிடிக்கிறது. ஆனால் நமக்குப் பிடித்ததைக் கொண்டு மற்றவர் நுரையீரலுக்குச் சட்டம் செய்யலாகாது.

இனி, ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. குடிக்காதவனுக்கு என்ன கூலி? அவனுக்கு நெஞ்சு சுத்தமாயிருக்கிறது. புகைக்குப் போகாத பணம் பையிலிருக்கிறது. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போட்டால், விழாதவன் "எனக்கு ஏன் கயிறில்லை?" என்று சண்டைக்கு வருவானா?

அந்த மருந்துக்கடைக் கம்பெனி பிறகு என்ன செய்ததென்று கேட்கத் தோன்றும். 2014-லேயே தன் கடைகளில் சிகரெட் விற்பதை நிறுத்திவிட்டது. அடுத்த வருஷம் தன் சிப்பந்திகளுக்கு ஒரு ஏற்பாடு செய்தது: முன்பணம் 50 டாலர் கட்ட வேண்டும், விட்டுக் காட்டினால் கட்டினது திரும்பி வருவதோடு, மேலே 700 டாலர் இனாம்.