பாயைச் சுருட்டியவர்கள்



நினைவுச் சொற்பொழிவில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பது மரபு. இன்று நாம் நினைவுகூரும் வாத்தியார் ஐயாவுக்கு அது பிடித்திருக்காது. இரவல் கொடுத்த நாவலைத் திருப்பிக் கொடுக்கப் போனால், “எத்தனாவது பக்கத்துல தூங்குன?” என்றுதான் முதலில் கேட்பார். அதனால், நம்மை ஏமாற்றிய நூல்களையும் படங்களையும் கடுமையாகப் பேசுவது பற்றியே இன்று பேசுகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் படம் ஓட்டிய நாள்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாயுமுன்பே பாய் விரித்து இடம் பிடிப்போம். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகவேண்டிய சனம். படம் இழுவை என்றால் கூச்சல் போடாது. ஒரு குடும்பம் எழுந்து பாயைச் சுருட்டும், பின்னாலேயே நாலு குடும்பம் லயத்து வீடுகளுக்கு நடக்கும். திரையில் இருப்பது எவ்வளவு பெரிய நடிகர் என்று யாரும் பார்த்ததில்லை.

நம் நூல் வெளியீடுகளில் பாய் சுருட்டுபவர் உண்டா? பிரமுகர் பண உறையோடு வந்து முதல் நூலைப் பெறுகிறார். ஆய்வுரை தருபவர் அட்டைப்படத்தையும் ஆசிரியரின் தாயாரையும் புகழ்ந்துவிட்டு அமர்கிறார். அவரை நொந்து பயனில்லை. நம் கெடா மாநிலத்தில் எழுதுபவரும் விமர்சிப்பவரும் அடுத்த ஞாயிறு ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவேண்டும்.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. 1950-51இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி, எழுத வந்தவர்களைப் பழக்கினார்கள். பின்னர் கு. அழகிரிசாமி அதே நாளிதழுக்கு ஆசிரியராக வந்தார். நம் பக்கத்துப் பீடோங்கில் பிறந்த ரெ. கார்த்திகேசு, கசப்பான உண்மையையும் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்பவர்போல எழுதினார். எனக்கு அந்த மென்மை சில இடங்களில் போதவில்லை. 2007இல் ‘வல்லினம்’ இதழைத் தொடங்கிய ம. நவீனும் நண்பர்களும் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பெயர் சொல்லியே எழுதினார்கள். அவற்றில் சில, படைப்பைத் தாண்டி ஆளைச் சுட்டதாகவே நினைக்கிறேன். ஆனாலும் அவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள்.

அதே நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் லுனாஸில் சம்சு என்ற சாராயம் குடித்துப் பலர் மாண்ட துயரம் அதன் பின்புலம். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு நாவலைத் தடை செய்தது. நாவலைத் திட்டி என்னோடு மல்லுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் நூலைக் கையில் தொட்டதில்லை. விரிக்காத பாயை எப்படி ஐயா சுருட்டுவது?

படங்களுக்கு வருவோம். 2016இல் ரஜினியின் ‘கபாலி’ வந்தபோது நம் கதை என்று ஓடினோம். எனக்குத் தோட்டம் போதவில்லை, துப்பாக்கி தீரவில்லை. போதாக்குறைக்கு மலேசியத் திரையில் கடைசியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். நான் இதைச் சொன்னதற்கு என் பேரன் இரண்டு நாள் பேசவில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜெகாட்’ வேறு ரகம். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பையன் எப்படித் தடம் மாறுகிறான் என்பதை அருகில் நின்று காட்டியது, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகவும் தேர்வானது. அதிலும் நடுவில் தொய்வு இருக்கிறது என்றேன். “நம்ம பையன் எடுத்த படம், பாத்துப் பேசுங்க” என்றார்கள். ரஜினி ரசிகரின் கோபத்தைத் தாங்கிவிடலாம். இந்தப் பரிவைத் தாங்குவதுதான் கடினம்.

சென்ற மாதம் ஐயாவின் அலமாரியைக் குடும்பத்தார் எனக்குத் திறந்து காட்டினார்கள். உள்ளூர் நாவல் ஒன்றின் ஓரங்களில் பென்சில் எழுத்து. 41ஆம் பக்கத்தில் ‘இழுவை’. 58இல் மறுபடி ‘இழுவை’. 90இல் ‘இந்த அத்தியாயம் எதற்கு?’ கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த தேதி.

நாவல் என்னுடையது. வெளியீட்டன்று ஐயா முன்வரிசையில்தான் இருந்தார். என் கையைப் பிடித்து வாழ்த்தினார், வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு எங்கள் இருவருக்கும் ஒரே பந்தி.