மாரியில் வரும் விருந்தாளிகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதத்து விடியலில், விறாந்தையில் ஒரு குருவி சோர்ந்துபோய்க் கிடந்தது. பச்சை முதுகு, செட்டையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஊடறுத்துப் போகும் கறுப்புக் கோடு, கட்டை வால். யாரோ வளர்த்த கிளி என்று நினைத்துக் கூட்டில் அடைத்தோம். சோறும் பழமும் வைத்தோம். ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்த்தோம். மறுநாள் காலையில் அது செத்துக் கிடந்தது.

அது ஆறுமணிக்குருவி என்று பிறகுதான் அறிந்தோம். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர். இந்தியாவில் குஞ்சு பொரித்து, மாரிக்கு இரவிரவாகப் பறந்து இலங்கைக்கு வருவது. களைத்து வந்திறங்கும்போது வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும். அதன் உணவு புழு பூச்சி; சோறு அல்ல. காற்றுத் துளையிட்ட ஒரு காட்போட் பெட்டிக்குள் இருட்டில் அமைதியாக விட்டு, பின்னேரம் மரங்களுக்கிடையே திறந்துவிட்டிருந்தால் அது பிழைத்திருக்கக்கூடும். பெயர் தெரியாததால் நாங்கள் செய்த பிழை அது. அதனால்தான் இன்று இந்த விடயத்தைப் பேச வந்தோம்.

புரட்டாதி, ஐப்பசியில் வரத்தொடங்கும் பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். அவற்றை அடையாளம் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முதலில் பருமனைப் பாருங்கள்: சிட்டுக்குருவியளவா, மைனாவளவா, காகத்தளவா? அடுத்து அலகு, கால், வால். பிறகு அது என்ன செய்கிறது என்பது. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெயிலும் நிழலும் நிறத்தில் ஏமாற்றிவிடும்.

மின்கம்பிகளில் வரிசையாக இருக்கும், பிளவுபட்ட வாலும் செம்மையான தொண்டையும் கொண்டவை தகைவிலான்கள். வேலியோரத்தில் கரகரத்த குரலில் கத்தும், கண்ணுக்குக் கறுப்புப் பட்டி கட்டிய பறவை பழுப்புக் கீச்சான். ஆண்டுதோறும் அதே வேலிக்கே திரும்பி வரக்கூடியது.

பண்ணைத் தாம்போதியிலும் அராலியிலும் தொண்டைமானாற்றிலும் கடல்நீரேரியைப் பாருங்கள். வால் ஊசிபோல் நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருந்தால் ஆண் நீலச்சிறகி. நீண்ட அலகு நேராக இருந்தால் கருவால் மூக்கன். கீழ்நோக்கி அரிவாள்போல் வளைந்திருந்தால் குதிரைமலைக் கோட்டான். தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துண்ணும் நெடுங்கால் பறவை பூநாரை. தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும், செட்டை விரித்தால் உள்ளே செந்நிறம் தெரியும்.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. மன்னாரின் வங்காலை 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தரவைக்கு அப்படிப்பட்ட பெயர் எதுவும் இல்லை. அதில் குப்பை கொட்டுவதும் மண் நிரப்புவதும் நாங்கள் கண்முன்னே காண்பவை. வெறும் சேற்று நிலம் என்று நினைப்பவர்களுக்கு அதை நிரப்புவதில் தயக்கம் வராது. அங்கே வருபவை எவை, எந்த மாதத்தில், எத்தனை என்று சொல்லக்கூடிய ஒருவர் ஊரில் இருந்தால் கேள்வி கேட்கவாவது ஆளிருக்கும்.

தங்கைகளே, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துத் திகதி, இடம், பறவை, எண்ணிக்கை என்று நான்கு நிரல்களில் எழுதத் தொடங்குங்கள். தெரியாத பறவையை வரைந்து வையுங்கள். அந்தக் கொப்பியைப் பாடசாலை நூலகத்தில் விட்டுச் செல்லுங்கள். நாங்கள் விட்டுச் செல்லாதது அது ஒன்றுதான். இனியொரு ஐப்பசியில் விறாந்தையில் ஒரு குருவி விழுந்து கிடந்தால், அதன் பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஒருத்தி இங்கே இருக்க வேண்டும்.