நினைவுச் சில்லின் பூட்டும் நமது வாக்கும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நாள்தோறும் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு மின்னணுச் சில்லு என்பது புதிய சொல் அன்று. ஆயினும் அச்சில்லுக்கு ஒரு பூட்டு உண்டு என்பதையும், அதன் வலிவும் மெலிவும் நம் வாக்குரிமையைத் தொடுவன என்பதையும் பலர் அறிந்திலர்.

முதலில் கடையிலுள்ள மின்னணுத் தராசை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு கிலோ என்றே காட்டுவதற்கு அதற்கு ஒரு திருத்த எண் தேவை. மின்சாரம் நின்றாலும் அழியாதவாறு அவ்வெண்ணைத் தனியானதொரு நினைவுச் சில்லில் எழுதிவைப்பது வழக்கம். எட்டுக் கால்கள் கொண்ட சிறு பொருள் அது. (சிலந்தி என்று எண்ணிவிட வேண்டா.) பரவலாக வழங்கும் வகையொன்றில் ஏழாவது கால் எழுதுதடைக் கால். அதனை மின்னழுத்தத்தோடு இணைத்தால் சில்லைப் படிக்கலாம், எழுத இயலாது. தரை இணைப்பில் சேர்த்தால் எழுதலாம். மின்சாரம் தள்ளாடும் வேளையில் செயலி தடுமாறி எதையேனும் எழுதிவிடாமல் இத்தடை காக்கிறது. வேறு சில சில்லுகளை நிரலின் கட்டளையாலும் பூட்டலாம். கட்டளையால் பூட்டியதைக் கட்டளையாலேயே திறந்துவிடலாம் அன்றோ? ஆகவே கட்டளையையும் காலையும் சேர்த்துப் பூட்டும் ஏற்பாடும் அவற்றில் உண்டு.

இனி வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு வருவோம். 1982-இல் கேரளத்தின் பரவூரில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறவே, பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகத்தில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ரோப் கோங்கிரைப் ஆகிய மூவர் அக்காலத்து இயந்திரம் ஒன்றை ஆராய்ந்து காட்டினர். வாக்குகள் செயலிக்கு வெளியே இரண்டு நினைவுச் சில்லுகளில் இருந்தன. சட்டைப் பையில் அடங்கும் ஒரு கருவியைச் சில்லின்மீது கவ்வவைத்து எண்ணிக்கையை மாற்ற இயன்றது. இயந்திரத்தைத் தந்தவர் பெயரைக் கூறாத ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். முத்திரையும் காவலும் இருக்க எவரும் பெட்டியைத் திறக்க இயலாது என்பது தேர்தல் ஆணையத்தின் விடை. திறக்க முயன்றால் செயலிழந்துவிடும் புதிய இயந்திரங்கள் பின்னர் வந்தன.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. தராசின் எண்ணை ஒருமுறை எழுதிப் பூட்டிவிடலாம். வாக்கு எண்ணிக்கையை அவ்வாறு பூட்ட வழியில்லை. ஒவ்வொரு வாக்குக்கும் சில்லில் எழுதியாக வேண்டும். மேலும், எழுதுதடை என்பது நிரலின் பிழைக்குத் தடையே. பெட்டியைத் திறந்து காலையே பற்றுகிறவனுக்கு அது தடையாகாது. எனவே வாக்கின் பூட்டு சில்லுக்கு வெளியே, முத்திரையிலும் தாளிலும் அமர்ந்திருக்கும் மனிதரிடத்தும் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

தாள் என்றது வாக்கு ஒப்புகைச் சீட்டை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தியது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்த ஐந்து சாவடிகளின் சீட்டுகள் எண்ணிப் பார்க்கப்படுகின்றன. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால், நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களைச் சோதிக்கலாம் என 2024 ஏப்ரல் 26-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனிதர் என்றது முகவரை. பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் அடங்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி நமக்கு ஒதுக்கப்பட்டது. எனினும் முகவர் நாற்காலி பல ஊர்களில் நம்மவர்க்கு நெடுநாள் எட்டாததாகவே இருந்தது. படித்த இளைஞர்கள் அதில் அமருங்கள். வாக்குப்பதிவு தொடங்குமுன் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போடப்படும். அவை அழிக்கப்பட்டதையும் சீட்டுகள் எடுக்கப்பட்டதையும் கண்ணால் காணுங்கள். தாள் முத்திரையில் கையொப்பமிட்டு, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் 17-சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சாவடியின் மொத்த வாக்குகள் அதில் இருக்கும். யாருக்கு எத்தனை என்பதை அது சொல்லாது. ஆயினும் எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தத்தோடும், முத்திரையின் எண்ணோடும் ஒப்பிட நம் கையில் இருப்பது அந்த ஒரு தாளே.