நிவாரணத்தை எந்தக் கோலால் அளப்பது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1993 செப்டம்பர் 30. விடியுமுன் மராட்டிய மாநிலத்தின் லாத்தூர் மாவட்டத்தையும் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தையும் நிலநடுக்கம் உலுக்கியது. கனத்த கல் சுவர், அதன்மேல் மண் கூரை. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து உறங்கிய மக்களில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நிலநடுக்கம் பண்ணையார், கூலியாள் என்று பார்க்கவில்லை. நிவாரணம் பார்த்தது.

52 கிராமங்களை அரசு வேறிடத்தில் புதிதாக அமைத்தது. நிலமற்றவருக்கும் ஒரு ஹெக்டேர் வரை உள்ளவருக்கும் 250 சதுர அடி வீடு. ஏழு ஹெக்டேர் வரை 400. அதற்கு மேல் 750. இழந்ததற்கு ஈடு என்றார்கள். ஆனால் கூலிக் குடும்பத்தில் ஆறு பேர் இருந்தாலும் 250தான். நிலக்கிழார் வீட்டில் மூவர் இருந்தாலும் 750. பொதுப்பணத்தில் வீடு கட்டும்போது தலைகளை எண்ணாமல் நிலத்தை எண்ணலாமா?

தொண்டு நிறுவனங்களை நம்பலாமே என்பீர்கள். அவர்களின் நல்ல மனதை மதிக்கிறோம். ஆனால் லாரி நிற்கும் இடத்தில் மூட்டை குவியும். உள்ளே தள்ளியிருக்கும் குடிசைக்கு எட்டாது. தர்மம் கொடுப்பவரிடம் கணக்குக் கேட்க முடியாது. அரசிடம் கேட்கலாம், கேட்கவேண்டும்.

நம் கதைக்கு வருவோம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதே ஆண்டு டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்க்கக்கூடாது என்கிறது அதன் 61ஆம் பிரிவு. வரவேற்கிறோம். பட்டாவும் வாடகைச் சீட்டும் பார்க்கக்கூடாது என்று அதில் இல்லையே! 2015இல் மத்திய அரசு வகுத்த உதவி விதிகளோ, இடிந்த வீடு அனுமதி பெற்ற கட்டடம் என்று அதிகாரியின் சான்று கேட்டன. வாடகைக் குடிசையில் இருக்கும் நம்மவருக்கு எந்த அதிகாரி சான்று தருவார்?

நாம் கேட்பது மூன்று. குடும்பத்தின் தலைகளை எண்ணி உதவி வழங்குக. குடியிருப்பவர் பெயரையும் பட்டியலில் சேர்த்திடுக. பட்டியலைத் தெருமுனையில் ஒட்டி, விடுபட்டவர் முறையிட நாள் கொடுத்திடுக.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டாம். அடுத்த மழைக்கு முன், சந்து சந்தாக யார் எங்கே குடியிருக்கிறார் என்று நாமே பதிவேடு எழுதுவோம். வெள்ளம் வடிந்தபின் எழுதலாம் என்று இருந்தால், இடைத்தரகன் முந்திக்கொள்வான்.