ஏரி மதகும் எளியோர் உரிமையும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் செம்பரம்பாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. அரிசி வாங்கும் காசில் ஒரு பகுதியை எடுத்துவைத்துப் பிறர் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்த கைகள் இந்த மன்றத்தில் இருக்கின்றன. அக்கைகளை முதற்கண் வணங்குகிறோம். படித்துவிட்டோம், பட்டமும் பெற்றோம், இனி என்ன செய்வது என்பதே இவ்விழா நம்முன் வைக்கும் கேள்வி. பெற்ற கல்வியைக் கொண்டு நாட்டின் பொது விவாதத்தில் கலந்துகொள்வதே அடுத்த கடமை என்று நாம் கருதுகிறோம். அரசின் அதிகாரம் எவ்வளவு? தனிமனிதனின் உரிமை எவ்வளவு? அறிவியலும் தொழில்நுட்பமும் இவ்விரண்டில் எதற்குத் துணை நிற்கின்றன? இவை பற்றி இன்று சிந்திப்போம்.

நம் வரலாறு கூறும் விடை

அரசின் அதிகாரம் குறையக் குறையத் தனிமனிதனின் சுதந்தரம் பெருகும் என்று கூறுவோர் உண்டு. அரசு வலுப்பெற்றாலொழிய ஏழைக்கு விடிவில்லை என்று கூறுவோரும் உண்டு. நம் வரலாறு இவ்விரு கூற்றுகளில் எதனையும் அப்படியே ஏற்க இடந்தரவில்லை. அரசு வாய்மூடி இருந்த நாளில் நாம் சுதந்தரமாகவா வாழ்ந்தோம்? ஊர் நம்மை ஆண்டது. வழக்கம் நம்மை ஆண்டது. கிணற்றங்கரையில் நின்றவனின் கண்ணசைவு நம்மை ஆண்டது. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத்து நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தினார். சட்டம் கொடுத்த உரிமையைக் காலால் நடந்து சென்று எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது என்பதே அந்நாளின் பாடம்.

அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவருடைய பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவான காலம் அது. குளத்து நீரை உரிமையாகக் கேட்டவரே, ஆற்று நீரை நாட்டுச் செல்வமாக ஆளும் திட்டங்களுக்கும் வழிவகுத்தார். அவர் எந்திரத்தைக் கண்டு அஞ்சியவரல்லர். அரசின் ஆற்றலை வெறுத்தவருமல்லர். ஆயினும் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது, கிராமத்தை விடுத்துத் தனிமனிதனையே அடிப்படை அலகாகக் கொண்டதை வரவேற்றுப் பேசினார். வலிமையுள்ள அரசு வேண்டும். அவ்வரசும் தனியொருவனுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். நாம் பின்பற்றத் தக்க நெறி இதுவே.

ஏரி கற்பிக்கும் பாடம்

இந்நெறியை உரைத்துப் பார்க்க வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை. நம் ஏரியே போதும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் நீர் இதில் தேங்குகிறது. ஐந்து கண் மதகையும் பத்தொன்பது கண் மதகையும் திறப்பதும் அடைப்பதும் அரசின் கையில் உள்ளன. மதகைத் தொடும் அதிகாரம் ஒரு சிலருக்கு. அதன் விளைவைச் சுமக்கும் கடமையோ அனகாபுத்தூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என அடையாற்றங்கரை நெடுக வாழும் இலட்சக்கணக்கானோருக்கு.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அன்று ஏரியிலிருந்து உச்ச அளவாக வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. இளைஞர்களே, இவ்வெண்ணைச் செய்தித்தாளில் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள், கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். ஆகவே வினாடிக்கு எட்டு இலட்சம் லிட்டருக்கும் மேல். ஒரு மணி நேரத்தில் 104 மில்லியன் கன அடிக்கும் மேல். ஏரிக்குப் புதிய நீர் வரவே இல்லையெனில், நிறைந்த ஏரி முழுதும் ஒன்றரை நாளில் வடிந்துவிடும் வேகம் அது. இதனை அறியப் பொறியியற் பட்டம் தேவையில்லை. பள்ளியில் கற்ற பெருக்கலும் வகுத்தலும் போதும்.

நேர்மையான விவாதத்தில் இரு தரப்பையும் கேட்கவேண்டும். கரை உடைந்தால் நேரும் அழிவு மதகைத் திறப்பதால் நேரும் அழிவினும் பன்மடங்கு பெரிது; ஆகவே திறந்தே தீரவேண்டியிருந்தது என்பது அரசுத் தரப்பு. அடையாற்றில் அன்று ஓடியது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமன்று. வேறு பல ஏரிகளின் உபரி நீரும் அதில் கலந்தது. இதனையும் நாம் மறைத்தலாகாது. எனினும் 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஏரியிலிருந்து நீர் திறந்த முறையைக் குறைகூறி, அவ்வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்னும் முடிவுக்கு வந்தது. பெருமழையை இயற்கை தந்தது. எப்போது, எவ்வளவு, யாருக்கு அறிவித்துத் திறப்பது என்பதை மனிதர் முடிவு செய்தனர். இயற்கையை நாம் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. மனிதரின் முடிவை நிறுத்த முடியும், நிறுத்தவும் வேண்டும்.

இவ்விவாதம் வீண்போகவில்லை. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியை எட்டிய நிலையில், முன்கூட்டியே அறிவித்து, முதலில் வினாடிக்கு 1,000 கன அடி என்று தொடங்கிப் படிப்படியாக நீர் திறக்கப்பட்டது. மதகு அதே மதகு. அறிவியலும் அதே அறிவியல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் மக்கள் கேட்ட கேள்விகள் பயன் தந்தன என்றே நாம் கொள்ளலாம்.

ஆயினும் கேள்வி கேட்க இயலாதவர்மீது சுமை இறங்கியதையும் பார்க்கவேண்டும். வெள்ளத்திற்குப்பின் அடையாறு, கூவம் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் கூலி வேலை செய்வோர். நம் மக்கள் பலர். ஆற்றின் போக்கை மறித்த பெரிய கட்டடங்கள் பல நின்ற இடத்திலேயே நின்றன. பிழைப்புக்கு வழி என்பது உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று 1985 இல் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் கூறியது. வேலை நகரத்திலும் வீடு தொலைவிலும் ஆகிவிட்ட தாய்க்கு அத்தீர்ப்பு எந்த அளவில் எட்டியது என்று கேட்பது நம் கடமை.

மூன்று கேள்விகள்

எந்தப் புதிய எந்திரத்தையும் எந்த அரசாணையையும் எதிர்கொள்ளும்போது, நம் இளைஞர்கள் மூன்று கேள்விகளைக் கைக்கொள்ளவேண்டும். கணக்கு என்ன? முடிவு செய்தவர் யார்? பிழை நேர்ந்தால் முறையிட வழி எது?

நியாயவிலைக் கடையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2020 ஆம் ஆண்டு முதல் அங்கே விரல்ரேகைக் கருவி வந்தது. போலி அட்டைகளைத் தடுப்பது நல்ல நோக்கமே. திருட்டுப்போகும் அரிசி ஏழையின் அரிசிதான். ஆனால் செங்கல் சுமந்தும் கல் உடைத்தும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்த விரலைக் கருவி அடையாளம் காணத் தடுமாறுகிறது. உழைத்ததனால் தேய்ந்த விரல், உழைத்தவரின் உணவுக்கே தடையாகலாமா? கருவி தவறினால் மாற்று வழி என்ன என்பதை அறிந்து, கடை முன் நிற்கும் முதியவருக்கு எடுத்துச் சொல்லி உடன் நிற்பது படித்தவரின் வேலை. 2017 ஆகஸ்டு 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பரில், நலத்திட்டங்களுக்கு ஆதாரைப் பயன்படுத்துவதை ஐவரில் நால்வர் ஏற்றனர். வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் அதனைக் கட்டாயமாக்கியதை நீக்கினர். ஒருவர் முற்றிலும் மாறுபட்டார். உச்ச நீதிமன்றத்திலேயே கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டெனில், நம் தெருவில் அதற்கு இடமில்லாமற்போகுமா?

இனி, எந்திரம் வராத இடத்தையும் பாருங்கள். விண்ணில் கோள்களைச் செலுத்தும் நாடு இது. அந்நாட்டில் கழிவுநீர்க் குழியில் மனிதன் இறங்குகிறான்; நச்சுக் காற்றில் மாள்கிறான். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993 இலும் 2013 இலும் சட்டங்கள் வந்தன. குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014 இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. குழியைத் தூர்வாரும் எந்திர மனிதனைக் கேரள இளைஞர்கள் செய்து, 2018 இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். அறிவியல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இறங்குபவன் இன்ன சாதி என்னும் எண்ணமும் கூடவே இருப்பதனாற்றான் எந்திரம் தாமதிக்கிறது. ஆகவே தொழில்நுட்பம் தானாகவே விடுதலை தரும் என்று நம்பி நாம் சும்மா இருத்தலாகாது.

விவாதிக்கும் உரிமை

விவாதம் நமக்குப் புதிதன்று. 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். அச்சு எந்திரம் அந்நாளின் தொழில்நுட்பம். அதனை நம் முன்னோர் தயங்காது கையிலெடுத்தனர். இன்று அச்சகம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. அதில் எழுதுவோரை மூன்றாண்டு வரை சிறையிலிட வகைசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. விவாதிப்பது வேறு, ஒரு கருத்தை வலியுறுத்துவது வேறு, வன்செயலுக்குத் தூண்டுவது வேறு என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. முன்னிரண்டும் நம் உரிமை. மூன்றாவதை நாம் ஒருபோதும் நாடலாகாது. அதனால் முதலில் எரிவது நம் குடிசையே.

அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து வினவும் பண்பையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பில் சேர்க்கப்பட்ட ஆண்டு 1976. அதுவோ நெருக்கடிநிலைக் காலம். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம். வினவுக என்று ஏட்டில் எழுதிய அரசே வினவியோரைச் சிறையில் அடைத்தது. அந்நிலை போயிற்று, அக்கடமை நிற்கிறது. எழுதியவரின் உள்ளம் எதுவாயினும், எழுத்து நமக்கு உரியது.

வினவுவதற்குக் கருவியும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997 இலும் நாடு முழுமைக்கும் 2005 இலும் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் விடை வரவேண்டும். உயிரையோ சுதந்தரத்தையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வரவேண்டும். வசைச்சொற்கள் நூறு எழுதுவதினும் இப்படியொரு மனு வலியது. வசையை அதிகாரி படிக்கமாட்டார். மனுவுக்கு அவர் கையெழுத்திட்டு விடை தந்தாகவேண்டும்.

ஆதலின் இளைஞர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். வந்த செய்தியைச் சரிபாராமல் பிறர்க்கு அனுப்பாதீர்கள். எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் பேசும்போது குறுக்கிடாது கேளுங்கள். நீருக்கும் அரிசிக்கும் வரிசையில் நிற்போர் அவர்களே. மழைக்காலத்தில் ஏரியின் நீர்மட்டத்தையும் வெளியேற்றும் அளவையும் நாள்தோறும் சங்கத்தின் கரும்பலகையில் எழுதிவையுங்கள். நீரியலும் சட்டமும் கணிப்பொறியும் கற்கச் சிலரையேனும் இச்சங்கம் ஆண்டுதோறும் அனுப்பவேண்டும். மதகைத் திறக்கும் பொறியாளராகவும், அவரிடம் கணக்குக் கேட்கும் குடிமகனாகவும் நம் பிள்ளைகள் வளரவேண்டும்.

முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் எழுத்தறிவு தந்தது. வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் கேள்வியறிவு தருவதாக!