மலையடியில் வீடு பார்க்கும் தோழர்களுக்கு

(திருவண்ணாமலையில் கட்டடத் தொழிலாளர்களும் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில் தோழர் ஒருவர் பேசியது.)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நான் வீடு பார்ப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதற்கு ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். அவருக்கு ஒரு தேதியை ஞாபகப்படுத்துகிறேன். 2024-ம் வருஷம், டிசம்பர் 1-ந் தேதி.

அதற்கு முந்திய இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் மாலை, நம் அண்ணாமலையின் சரிவிலிருந்து பாறையும் சேறும் பெயர்ந்து வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஒருவரும் பிழைக்கவில்லை. பேரிடர் மீட்புப் படை வந்து தோண்டித் தோண்டி உடல்களை எடுத்ததை இந்த ஊர் கண்ணால் பார்த்தது.

அந்த வீட்டுக்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள்? ஒரு தப்பும் செய்யவில்லை. கூலிக்கு ஏற்ற இடத்தில் குடியிருந்தார்கள். அவ்வளவுதான். இப்போது சொல்லுங்கள், வீடு பார்ப்பது கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயமா, இல்லையா?

செங்கத்திலிருந்தும், தண்டராம்பட்டிலிருந்தும், கலசபாக்கத்திலிருந்தும், கீழ்பென்னாத்தூரிலிருந்தும் நம் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறார்கள். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் கூலி இல்லை. பட்டணத்துக்கு வந்தால் கொத்து வேலை உண்டு, மூட்டை தூக்கலாம், லாட்ஜில் பாத்திரம் தேய்க்கலாம். வருகிறவன் முதலில் கேட்கிற கேள்வி, "எங்கே வாடகை குறைவு?" என்பதுதான். அந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்றே போதாது.

வாடகை ஏன் இங்கே ஏறுகிறது? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரே கொள்ளாது. வெளி மாநிலத்திலிருந்தும் வெளி தேசத்திலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாதையோரத்து மனை தங்கம் ஆகிவிட்டது. கும்பிட வருகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் வருவதால் நமக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் நாள் வாடகைக்கு அறை விட்டால் கொள்ளை லாபம் என்று கண்ட வீட்டுக்காரன், மாத வாடகை தருகிற கூலிக்காரனை ஏன் வைத்துக்கொள்ளப் போகிறான்? சமதளத்தில் இடம் இல்லாதவன் மேடேறுகிறான், அல்லது பள்ளத்தில் இறங்குகிறான். மேட்டில் மலை. பள்ளத்தில் ஏரி.

தோழர்களே, முதலில் மலையைச் சொல்லுகிறேன். 2,668 அடி உயரமுள்ள பாறை மலை அது. பாறையின் மேல் மெல்லிய மண். அந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது பெரிய பெரிய உருண்டைக் கல். விடாமல் மழை பெய்தால் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகிறது. பாறையோடு அதற்கு இருந்த பிடிப்பு விட்டுப் போகிறது. கல் நகருகிறது. நாமும் என்ன செய்கிறோம்? வீடு கட்டச் சரிவின் அடியை வெட்டிச் சமன் செய்கிறோம். மேலே இருக்கிற மண்ணைத் தாங்குகிற காலையே வெட்டுகிறோம். மழைத் தண்ணீர் இறங்குகிற ஓடையில் சுவர் எழுப்புகிறோம். தண்ணீர் வழி கேட்டு நிற்காது, தானே வழி உண்டாக்கிக்கொள்ளும்.

மலையடியில் இன்று குடியிருக்கிற தோழர்கள் நான்கு அடையாளங்களை ஞாபகத்தில் வையுங்கள். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு காண்பது. நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்வது. தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று சேறாக வருவது, அல்லது மழை பெய்யும்போதே சட்டென்று நின்று போவது. மேலே கல் உருளுகிற சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் சட்டி பானையைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போங்கள். சட்டி போனால் வாங்கலாம்.

அடுத்தது பள்ளம். வேங்கிக்கால் ஏரி, சமுத்திரம் ஏரி என்று இந்த ஊரைச் சுற்றி ஏரிகள் உண்டு. வாய்க்காலும் உபரி நீர் போகிற வழியும் உண்டு. சித்திரை மாதத்தில் வீடு பார்க்கப் போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பழைய ஈரக் கோடு தெரிகிறதா? தரகரைக் கேட்காதீர்கள், பெட்டிக்கடைப் பாட்டியைக் கேளுங்கள். "ஐப்பசி மழையிலே தண்ணி எதுவரைக்கும் வரும் ஆயா?" என்று ஒரு வார்த்தை. அந்த அம்மாளுக்குக் கமிஷன் கிடையாது. அதனால் உண்மையைச் சொல்லுவாள்.

மூன்றாவது, கணக்கு. ஊருக்கு வெளியே 1,500 ரூபாய் வாடகை குறைவு என்று ஒருவர் போகிறார் என்று வையுங்கள். போக வர பஸ்ஸுக்கு நாளைக்கு 40 ரூபாய் என்றால், 26 நாளைக்கு 1,040 ரூபாய் ஆயிற்று. மிச்சம் 460. விடியற்காலையில் ஆள் எடுக்கிற இடத்துக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் பஸ் தவறி நேரம் கழித்து வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 460-ம் போய், கையிலிருந்தும் போச்சு! 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. நல்ல காரியம். ஆனால் அந்தப் பஸ் காலை ஐந்தரைக்கு வருகிறதா, ஒன்பது மணிக்குத்தான் வருகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் பாதையை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு எப்படி வேலைக்குப் போவது என்பதையும் கேட்டு வையுங்கள்.

நான்காவது, பெண்களைக் கேட்காமல் வீடு பேசாதீர்கள். ஆண் பிள்ளை வாடகையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டி வந்துவிடுகிறான். குடிதண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, கக்கூஸ் எங்கே, ராத்திரி தெருவிளக்கு எரிகிறதா, ரேஷன் கடையும் அங்கன்வாடியும் எவ்வளவு தூரம், சித்தாள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள்? இதெல்லாம் அவள் கேட்பாள். அவள் கேட்பதுதான் சரியான கேள்வி.

ஐந்தாவது, காகிதம். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையைப் பொது அளவாக வைக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு. எழுத்துத் தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். படிக்கிற பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கரண்டு தனி மீட்டரா என்று கேளுங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நான் முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் அதைத் தான் அனுபவித்துக்கொண்டு எங்களிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார்.

சிறுகச் சேர்த்து மனை வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். "வீட்டு வரி கட்டுகிறோம், கரண்டு வந்துவிட்டது, இனி யார் அசைப்பது?" என்பார் தரகர். வரி ரசீது பட்டா ஆகாது. கரண்டு கார்டும் பட்டா ஆகாது. கிராமக் கணக்கில் அந்தச் சர்வே நம்பர் ஏரியா, ஓடையா, மேய்க்காலா, வனமா என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். மனைக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். விற்றவன் பணத்தோடு போய்விடுவான். இடிக்க வரும்போது நிற்கப் போவது நாம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. வீடு காலி என்று பலகை தொங்கும். போய்க் கேட்டால், "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் வீடு காலி இல்லாமல் போய்விடும். இந்த ஜில்லாவில்தான் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே தலித் ஜனங்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீண்டாமையை ஒழித்தோம் என்று அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. கிராமத்துச் சேரியை விட்டுப் பட்டணம் வந்தவனைப் பட்டணத்திலும் ஒரு சேரிக்கே தள்ளுகிறார்கள். பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறவனின் ஜாதியைக் கேட்கிற கூலிக்காரர் நம்மிலேயே இருக்கிறார். அவருக்கு ஒன்று சொல்லுவேன்: அண்ணே, கல் உருண்டு வரும்போது ஜாதி கேட்டு வருவதில்லை. அன்று கதவைத் தட்டப் போகிறவன் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

இவ்வளவும் பார்த்து வீடு எடுங்கள். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பார்த்தாலும், கையில் இருக்கிற காசுக்கு நல்ல இடமே இல்லையென்றால் என்ன செய்வது? இங்கேதான் தனி ஆளின் சாமர்த்தியம் தீர்ந்து போகிறது.

1872-ல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்னையைப் பற்றி லைப்சிக் நகரத்துப் பத்திரிகையில் எழுதினார். கெட்ட குடியிருப்பை ஒரு இடத்தில் இடித்தால் அது ஒழிவதில்லை, இன்னொரு இடத்தில் முளைக்கிறது என்பது அவர் கண்டது. சென்னையில் நாம் கண்டதும் அதுதான். 2000-ம் வருஷத்தை ஒட்டி, நகரத்துக்குள் இருந்த குடிசைக்காரர்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. வேலை பின்னாலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடமும் தங்கிவிட்டது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1915-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். யுத்தத் தொழிற்சாலைகளுக்கு ஜனங்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற அம்மையார் முன்னின்றார். தெருத் தெருவாகப் பெண்கள் ஏற்றிய வாடகையைத் தர மறுத்தார்கள். குடித்தனக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்த நாளில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஊர்வலமாக வந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வியன்னாவில் 1923-லிருந்து 1934 வரை நகரசபையே தொழிலாளருக்கு அறுபதாயிரத்துக்கு மேல் வீடு கட்டியது. 1930-ல் திறந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 1,382 குடித்தனம். இன்றும் அதில் ஜனங்கள் வாழ்கிறார்கள். ஆகவே, முடியாத காரியம் அல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். மண் சரிவுக்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். மலை மேல் இருக்கிற வீடுகளைப் பற்றி உயர்நீதிமன்றத்துக்கு வழக்கும் போயிற்று. நம்மில் சிலர், "ஒருவரையும் அங்கிருந்து அசைக்க விடமாட்டோம்" என்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாறைக்கு அடியில் குழந்தையைத் தூங்க வைக்கிற உரிமையை நான் கேட்க மாட்டேன். அது உரிமை அல்ல. அதேபோல, "கிளம்பு" என்று சொல்லி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டால், அது பாதுகாப்பு அல்ல, பட்டினி.

மூட்டை தூக்குகிற ஒரு அம்மாளிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "மழை வந்தா ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் தம்பி. தூரத்திலே வீடு குடுத்தா நிம்மதியா தூங்குவேன். ஆனா காலையிலே எழுந்து எங்கே போவேன்?" இந்த மூன்று வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

அவருக்காக நாம் கேட்பது நான்கு. எந்தெந்தத் தெரு ஆபத்தில் இருக்கிறது என்ற பட்டியலைத் தெருமுனையில் ஒட்டு. அடைமழைக்கு முன்னால் எச்சரிக்கை கொடு, தங்க இடம் கொடு, சோறு கொடு. மாற்று வீட்டை வேலைக்குப் போய் வரக்கூடிய தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு அப்புறம் காலி செய்யச் சொல். ஓடையையும் வாய்க்காலையும், பெரிய கட்டடக்காரன் அடைத்திருந்தாலும் சேர்த்து, திறந்து விடு. 2024-ல் இந்த ஊரை மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதாயிற்று, பொறுப்பும் பெரிதாக வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். சொந்த ஊரிலிருந்து அடுத்த மாதம் வரப்போகிற மைத்துனனுக்கோ, அண்ணன் மகனுக்கோ போன் போட்டு, "வாடகையை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதே, நான் கூட வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நம்முடைய பலம் சேர்ந்து பார்ப்பதில் தொடங்குகிறது. சேர்ந்து கேட்பதில் வளருகிறது.